தட்டில் எத்தனை குழு? உணவுப் பன்மையை அளப்பது குறித்து ஒரு பதில்

கேட்கப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீடு. வாரத்துக்கு 30 வகைத் தாவர உணவு உண்ண வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு வந்த மகள், வீட்டில் சமைப்பதையெல்லாம் எண்ணத் தொடங்கியிருக்கிறாள். களியும் கீரையும் தின்று வளர்ந்த பாட்டிக்கு இந்தக் கணக்கு வேடிக்கையாக இருக்கிறது. உணவில் வகை கூடினால் உடல்நலம் கூடுமா, கூடும் என்றால் அதை வீட்டில் எப்படி அளப்பது, வீட்டிலுள்ள 14 மாதக் குழந்தைக்கும் இதே கணக்குத்தானா என்பவை கேள்விகள்.

வகை கூடினால் நலம் கூடும் என்பது ஒரு நிபந்தனையோடுதான் உண்மை. எது எதனோடு சேர்ந்து கூடுகிறது என்பதே அந்த நிபந்தனை. தானியத்தோடு பருப்பும், பருப்போடு கீரையும், கீரையோடு தயிரும் பழமும் சேரும்போது கூடுகிற வகை ஒன்று. காலையில் பூரி, பத்து மணிக்குப் பப்ஸ், மாலையில் பஜ்ஜி, இரவில் புரோட்டா என்று கூடுகிற வகை வேறொன்று. இரண்டாவதில் பெயர்கள் பெருகுகின்றனவே தவிர, உடலுக்குள் போவது மாவு, எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகிய நான்கின் சேர்க்கைகள் மட்டுமே. உணவுப் பன்மையை அளக்கும் கருவிகள் பலவும் இந்த வேறுபாட்டைப் பிடிக்க முயன்று உருவானவை. சில அதில் வென்றிருக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன.

முதலில் அந்த 30. அமெரிக்காவில் நடந்த குடல் நுண்ணுயிர் ஆய்வுத் திட்டம் ஒன்று 2018இல் முடிவுகளை வெளியிட்டபோது, வாரத்துக்கு 30க்கும் மேற்பட்ட தாவர வகைகளை உண்டவர்களின் குடலில் இருந்த நுண்ணுயிர்கள், 10 அல்லது அதற்கும் குறைவான வகைகளை உண்டவர்களிடம் இருந்ததைவிடப் பன்மை மிக்கவையாக இருந்தன என்று சொன்னது. அது இரண்டு எதிர் முனைகளை ஒப்பிட்ட ஆய்வு. 29 போதாது, 30 போதும் என்று அது எங்கும் நிறுவவில்லை. ஜப்பானும் ஒருகாலத்தில் இப்படியோர் எண்ணைப் பிடித்துக்கொண்டது. 1985இல் அந்நாட்டு அரசின் உணவு வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 30 உணவுப் பொருள்கள் உண்ணுமாறு மக்களுக்குச் சொன்னது. 2000இல் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியபோது அந்த எண்ணைக் கைவிட்டு, தானியம், காய், பழம், பால், பயறு, மீன் ஆகியவற்றைச் சேர்த்து உண்ணுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பொருள்களை எண்ணுவதை விட்டுக் குழுக்களைப் பார்க்கும் இந்தத் திருப்பம்தான் இத்துறையின் வரலாற்றிலேயே முக்கியமானது என்பது என் எண்ணம். மகள் எண்ணுவதைத் தடுக்க வேண்டாம், எண்ணும் அலகை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

குழு ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் எளியது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பலமும் ஒரு குறையும் உண்டு, ஒரே குழுவைச் சேர்ந்தவற்றின் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அரிசியை விட்டுக் கம்புக்கோ சோளத்துக்கோ மாறினாலும் லைசின் குறைவுதான். அந்தக் குறையைத் தீர்ப்பது கொள்ளும் தட்டைப்பயறும். எந்தத் தானியமும் எந்தக் கீரையும் வைட்டமின் பி12 தராது, அதற்குப் பாலோ முட்டையோ இறைச்சியோ மீனோ வேண்டும். ஃபோலேட்டும், உடல் வைட்டமின் ஏவாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினும் கீரையில் குவிந்து கிடக்கின்றன. ஆகவே பொன்னி, இட்லி அரிசி, ராகி, சாமை என்று நான்கு தானியத்தை மாற்றி மாற்றி உண்பது நல்லதே என்றாலும், அந்த நான்கும் சேர்ந்து ஒரு பிடி கீரையின் இடத்தை நிரப்பா.

இந்த அடிப்படையில் இன்று பரவலாகப் பயன்படும் அளவுகோல், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்காக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2016இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த ‘பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பன்மை’ என்பதாகும். முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதையும் குடித்ததையும் கேட்டு எழுதிக்கொண்டு, அவற்றைப் பத்துக் குழுக்களில் அடைப்பார்கள். தானியமும் வெள்ளைக் கிழங்கும் வாழைக்காயும் ஒரு குழு. பருப்பும் பயறும் அடுத்தது. கொட்டைகளும் விதைகளும், பால் தயிர் மோர், இறைச்சி கோழி மீன், முட்டை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் குழு. கரும்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ மிகுந்த பிற காய் பழங்கள், மற்றக் காய்கள், மற்றப் பழங்கள் என்று எஞ்சிய நான்கு. இவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ கிடைத்திருந்தால் அந்தப் பெண் குறைந்தபட்சத்தை எட்டியதாகக் கொள்வார்கள். ஐந்து என்ற வெட்டுக்கோடு கற்பனையில் பிறந்ததன்று. இரும்பு, கால்சியம், துத்தநாகம், வைட்டமின் ஏ, சி, ஃபோலேட், பி12 உள்ளிட்ட 11 நுண்சத்துகள் போதுமான அளவு கிடைத்திருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதைப் பல நாடுகளின் விரிவான உணவுப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டு, அதனோடு பொருத்திப் பார்த்துத் தேர்ந்த எண் அது.

இந்தக் குழுக்களுக்குள் நம் ஊர்ப் பொருள்களை அடைக்கும்போது சில இடங்களில் வியப்பு வரும். கடலைக்காய் தாவரவியலில் பயறுதான், ஆனால் இங்கே அது எள்ளோடும் முந்திரியோடும் கொட்டைக் குழுவில் நிற்கும். கொழுப்பு மிகுதியும் உண்ணும் முறையும் காரணம். ஊத்துக்குளி வெண்ணெயை எவ்வளவு உருக்கி ஊற்றினாலும் பால் குழுவில் மதிப்பெண் கிடைக்காது, ஏனெனில் கால்சியமும் புரதமும் மோரோடு போய்விட, மிஞ்சுவது கொழுப்பு. வாழைக்காய் வறுவல் அரிசிச் சோற்றின் குழுவிலேயே விழும், வாழைப்பழம் பழக் குழுவுக்குப் போகும். நாம் அரசாணிக்காய் என்று சொல்லும் மஞ்சள் பூசணி, கேரட், பழுத்த பப்பாளி, மாம்பழம் ஆகியவை வைட்டமின் ஏ குழுவில் சேரும். உருளைக்கிழங்கைப் பொரியல் என்று சொல்லிக் காய்க் கணக்கில் எழுதுபவர்கள் ஏராளம். அது கிழங்கு, தானியத்தோடு சேர்ந்தது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு குழுவைச் சேர்ந்த உணவு 15 கிராமாவது, ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி, உண்ணப்பட்டிருந்தால்தான் அது கணக்கில் சேரும். தாளிப்பில் விழுந்த ஐந்தாறு உளுத்தம் பருப்பும், மேலே தூவிய கொத்தமல்லியும், ஓரமாக ஒதுக்கப்பட்ட கறிவேப்பிலையும் குழுக்கள் ஆகா. கொள்ளுப் பருப்பைக் கடைந்து உண்டால் பயறுக் குழு கிடைக்கும். கொள்ளு வேகவைத்த தண்ணீரை வடித்து ரசம் வைத்துக் குடித்தால் மணமும் சளிக்கு இதமும் கிடைக்கலாம், மதிப்பெண் கிடைப்பது அரிது. நல்ல கணக்கெடுப்பாளர் இதற்காகவே சமையலறை வரை போய்க் கேட்பார். ‘சாம்பார்’ என்று எழுதினால் போதாது. எவ்வளவு பருப்பு, எத்தனை பேருக்கு, முருங்கைக்காய் எத்தனை துண்டு, அடியிலிருந்து மொண்டு ஊற்றினார்களா, மேல்தண்ணியை ஊற்றினார்களா என்று கேட்க வேண்டும். வீட்டுப் பெண்கள் கடைசியில் உண்ணும் இடங்களில் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல சமயம் மேல்தண்ணியாக இருக்கும். ஒரே அடுப்பு, ஒரே சட்டி என்றாலும் கணவருக்கும் மனைவிக்கும் மதிப்பெண் வேறுபடுவது இப்படித்தான்.

அளவுகோல் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதை இரண்டு நாள் உணவைக் கொண்டு காட்டுகிறேன். இரண்டும் நான் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை, ஆனால் இப்பக்கம் யாருக்கும் அந்நியமானவை அல்ல.

தாராபுரம் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண். காலையில் தயிர் ஊற்றிக் கரைத்த பழைய சோறு, கடித்துக்கொள்ள நான்கைந்து சின்ன வெங்காயம். மதியம் சோறும் கொள்ளுப் பருப்பும். இரவு ராகிக் களியும், களை எடுத்த இடத்தில் பறித்து வந்த பண்ணைக்கீரைக் கடைசலும். பட்டியலில் பொருள்கள் குறைவு, சோறு இரண்டு வேளை வருகிறது. குழுக்களை எண்ணினால் தானியம் ஒன்று, தயிர் இரண்டு, சின்ன வெங்காயம் மற்றக் காய்களில் மூன்று, கொள்ளு நான்கு, கீரை ஐந்து. கோட்டைத் தொட்டுவிட்டார். கீரை பறிக்காத நாளில் நான்கு.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பஸ்ஸில் போய்வரும் இன்னொரு பெண். காலையில் பூரியும் கிழங்கும், பதினொரு மணிக்கு டீயும் பப்ஸும், மதியம் தக்காளி சாதமும் சிப்ஸும், மாலை டீயோடு இரண்டு உருளைக்கிழங்கு போண்டா, பிஸ்கட், இரவு புரோட்டாவும் மேலாகத் தெளித்த சால்னாவும். பத்துப் பெயர்கள் வந்துவிட்டன. கோதுமை, மைதா, அரிசி, உருளைக்கிழங்கு ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரே குழு. டீயில் பால் 15 கிராமைத் தாண்டுவதால் இரண்டாவது, தக்காளி மூன்றாவது. போண்டாவின் மேல்மாவு கடலை மாவு, இரண்டு தின்றால் அதுவே 15 கிராமைத் தாண்டும் என்பதால் பயறுக் குழுவும் விழுந்து நான்கு. இரவு ஓர் ஆம்லெட் சேர்த்துக்கொண்டால் ஐந்து, அவரும் தேறிவிடுவார்.

தேறியது உண்மைதான், பொய்க் கணக்கு இல்லை. முட்டையின் பி12 முட்டையின் பி12தான். ஆனால் அந்தப் போண்டா எந்த எண்ணெயில் எத்தனையாவது முறையாகப் பொரிந்தது, பப்ஸின் அடுக்குகளில் என்ன கொழுப்பு இருக்கிறது, நாள் முழுக்க எவ்வளவு உப்பு போயிற்று என்பதையெல்லாம் இந்த அளவுகோல் பார்ப்பதே இல்லை. பார்க்கும் நோக்கத்தோடு அது செய்யப்படவும் இல்லை. நுண்சத்து போதுமா என்ற ஒரே கேள்விக்கு, அதுவும் ஓர் ஊரோ மாவட்டமோ அளவில் எத்தனை விழுக்காட்டுப் பெண்கள் கோட்டைத் தாண்டினார்கள் என்று சொல்வதற்கு ஏற்பட்ட கருவி அது. ஒரு தனி மனிதரின் ஒருநாள் மதிப்பெண்ணைக் கொண்டு அவர் உடல்நிலைக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இதே ‘உணவுப் பன்மை’ என்ற பெயரில் வேறு நோக்கமுள்ள அளவுகோல்களும் புழங்குவதால் குழப்பம் வருகிறது. குடும்ப உணவுப் பன்மை மதிப்பெண் என்ற ஒன்றில் 12 குழுக்கள் உண்டு, அவற்றில் எண்ணெயும் சர்க்கரையும் மசாலா, டீ, காபி வகையறாவும்கூட எண்ணப்படும். ரேஷன் கடையில் அரிசி, துவரம் பருப்பு, பாமாயில், சர்க்கரை வாங்கிவந்த வீட்டுக்கு அங்கேயே நான்கு மதிப்பெண், டீத்தூள் சேர்ந்தால் ஐந்து. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு உணவு வாங்கும் சக்தி எவ்வளவு இருக்கிறது என்பதை அறியவே அதை வடிவமைத்தார்கள், அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. அதை எடுத்துவந்து சத்துக்கு அளவுகோலாகக் காட்டும்போதுதான் தவறு நேர்கிறது. உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் மதிப்பெண்ணில் ஏழு நாள் உணவைக் கேட்டு எடை போடுவார்கள்: இறைச்சிக்கும் மீனுக்கும் பாலுக்கும் 4, பருப்புக்கு 3, தானியத்துக்கு 2, காய்க்கும் பழத்துக்கும் 1, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அரை. பஞ்சமும் போரும் உள்ள இடங்களில் அதன் பயன் அதிகம், நம் கேள்விக்கு அவ்வளவாக உதவாது.

உங்கள் மகள் கணக்கில் கெட்டிக்காரி என்றால் அவளுக்குப் பிடிக்கக்கூடிய அளவு ஒன்று இருக்கிறது. எத்தனை வகை என்பதோடு, அவை எவ்வளவு சமமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்ப்பது அது. ஒவ்வோர் உணவின் பங்கையும் தன்னாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். பெர்ரி குறியீடு என்பார்கள். தட்டில் நான்கு வகை இருந்து, சோறு 70 விழுக்காடும் மற்ற மூன்றும் தலா 10 விழுக்காடுமாக இருந்தால் விடை 0.48. நான்கும் தலா 25 விழுக்காடு என்றால் 0.75. நான்கு வகை என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதை இது முகத்தில் அடித்தாற்போல் காட்டிவிடும். சோற்று மலையின் ஓரத்தில் பொட்டு வைத்ததுபோல் பொரியல் வைக்கும் நம் வழக்கத்தைப் பிடித்துக்காட்ட இதைவிடத் தோதான கணக்கு இல்லை. குறை என்னவென்றால், இந்தக் குறியீட்டுக்குக் கீரையும் கேக்கும் ஒன்றுதான். இதைச் சரிசெய்ய ஜெர்மனியில் 2007இல் ஒவ்வோர் உணவுக்கும் அதன் நலத்தன்மைக்கேற்ப ஒரு மதிப்பைப் பெருக்கிச் சேர்க்கும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அண்மைக் காலத்தில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லும் 29 கேள்விகள் கொண்ட உணவுத் தர வினாத்தாள் ஒன்றும் வந்திருக்கிறது. காக்கும் உணவுகளுக்கு ஒரு மதிப்பெண்ணும், கெடுக்கும் உணவுகளுக்கு இன்னொரு மதிப்பெண்ணுமாக அது தனித்தனியே சொல்லும். நம் திருப்பூர்ப் பெண்ணின் நாளை அதில் போட்டுப் பார்த்தால் இரண்டாவது மதிப்பெண்தான் பேசும்.

காட்டில் விளைவதற்கும் தட்டில் விழுவதற்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும், கொங்கு நாட்டில் இதைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கை உள்ளிட்ட 7 நாடுகளின் கிராமப்புறங்களில் எடுத்த உணவுப் பதிவுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஓர் ஆய்வு, உண்ணும் தாவர, விலங்கு இனங்களின் எண்ணிக்கையையே அளவாகக் கொண்டது. கூடுதலாக உண்ணப்பட்ட ஒவ்வோர் இனத்துக்கும், தேவையில் எவ்வளவு கிடைத்தது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் நுண்சத்துப் போதுமைக் குறியீடு சராசரியாக 0.03 உயர்ந்தது. மானாவாரிச் சோளக்காட்டில் தட்டைப்பயறும் அவரையும் ஊடுபயிராக நின்ற காலத்தில் ஒரே காடு தானியத்தையும் பயறையும் தந்தது, களையெடுப்பில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் சுக்குட்டிக்கீரையும் காசில்லாமல் வந்தன. கீழ்பவானி வாய்க்கால் பாய்ந்த பிறகு நெல்லும் மஞ்சளும் கரும்பும் வந்து வருமானம் உயர்ந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் களைக்கொல்லி அடித்த மஞ்சள் காட்டில் பறிக்கக் கீரை இராது. அந்தக் குழுவை இப்போது சந்தையில் கட்டுக் கணக்கில் வாங்கித்தான் நிரப்ப வேண்டும்.

அதற்காகப் பழைய உணவெல்லாம் பன்மை மிக்கது என்று பாட்டியோடு சேர்ந்து நானும் பாடப் போவதில்லை. மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூரில், பாஸ்டர் நிறுவனக் கட்டடத்தில் 1918இல் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசன் அங்கே இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ட உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய், அவ்வப்போது இறைச்சி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடத்தில் நின்றன. அரிசியை மட்டுமே பெரிதும் நம்பிய மதராஸ் உணவு கடைசி வரிசையில் நின்றது. வென்ற உணவில் பொருள்கள் அதிகமில்லை, குழுக்கள் இருந்தன. அக்காலத்தில் இப்பக்கம் ஏழை வீடுகளில் களிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாயும் புளித்தண்ணியும் தவிர வேறில்லாத மாதங்கள் உண்டு. அந்த மாதங்களை மதிப்பிட்டால் ஒன்றோ இரண்டோதான் வரும். பாட்டி நன்றாக இருக்கிறார் என்றால் அவர் வீட்டில் மாடு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, பன்மைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பு. போதாமை உள்ள இடங்களில் சான்று ஒரே திசையில் நிற்கிறது. 11 நாடுகளின் தேசியக் கணக்கெடுப்புகளைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வில், உணவுப் பன்மை மிகுந்த குழந்தைகள் பெரும்பாலான நாடுகளில் வயதுக்கேற்ற உயரத்திலும் முன்னே இருந்தார்கள், குடும்ப வசதியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு முழுக்க மறையவில்லை. அமெரிக்காவில் 10,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஆய்வில், பால், இறைச்சி, தானியம், பழம், காய் என்ற ஐந்து குழுக்களில் இரண்டோ அதற்கும் குறைவாகவோ உண்டவர்களிடம், ஐந்தையும் உண்டவர்களைவிட இறப்பு அபாயம் ஆண்களில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும் பெண்களில் 1.4 மடங்காகவும் இருந்தது. பலவகை உண்பவர்கள் பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவர்களாகவும் இருப்பார்கள் என்பதை மறக்காமல் இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

மிகுதி உள்ள இடத்தில் படம் மாறுகிறது. ஒரே சுவையை உண்டுகொண்டே இருந்தால் அதன்மீது சலிப்பு வந்து கை நின்றுவிடும், புதிய சுவை வந்தால் வயிறு நிறைந்திருந்தும் கை நீளும். கல்யாணப் பந்தியில் ‘போதும், போதும்’ என்று இலையை மறைத்தவர் பாயசத்துக்கு இடம் கண்டுபிடிப்பது இதனால்தான். 1981இல் வெளியான ஒரு சோதனையில், நான்கு வகை உள்ளீடு வைத்த சாண்ட்விச்சுகளைக் கொடுத்தபோது, ஒரே வகையைக் கொடுத்தபோது உண்டதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உண்டார்கள். 1999இல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. இனிப்பு, நொறுக்குத் தீனி, மாவு உணவு ஆகியவற்றில் வகை கூடியவர்களுக்கு உடற்கொழுப்பு கூடுதலாக இருந்தது, காய்களில் வகை கூடியவர்களுக்குக் குறைவாக இருந்தது. அமெரிக்க இதய நலச் சங்கம் 2018இல் இச்சான்றுகளை ஆராய்ந்து, பலவகை உண்பது மட்டுமே உடல் எடையைச் சீராக வைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்றும், காய், பழம், பயறு, முழுத்தானியம் போன்றவற்றைப் போதிய அளவில் உண்பதையே வலியுறுத்த வேண்டும் என்றும் அறிவுரை வெளியிட்டது.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு சிக்கலும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, 40.4 விழுக்காட்டினருக்கு அதிக எடையோ உடற்பருமனோ. ஒருவருக்கே இரண்டும் இருப்பது அரிதன்று. எடை கூடியவருக்குச் சத்து மிகுதி என்று நினைப்பது தவறு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு ‘இன்னும் பலவகை உண்ணுங்கள்’ என்ற வெறும் அறிவுரை பாதி நன்மையும் பாதி தீமையும் செய்யும். எந்தக் குழுவில் கூட்டுவது, எந்தக் குழுவுக்குள் குறைப்பது என்று சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவுரை.

வீட்டில் அளக்க நான் சொல்வது இது. தொடர்ந்து ஏழு நாள், படுக்கப் போகுமுன் ஒவ்வொருவரும் அன்று உண்டதைச் சொல்ல, மகள் மேலே சொன்ன பத்துக் குழுக்களில் குறிக்கட்டும். சமைத்ததை எழுதக் கூடாது, உண்டதை எழுத வேண்டும். பக்கத்தில் பதினொன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, எண்ணெயில் பொரித்தது, பாக்கெட்டில் வந்தது, சர்க்கரை போட்ட பானம் ஆகியவை எத்தனை முறை என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். வார முடிவில் எல்லாருடைய தாளையும் பரப்பிவைத்தால், எந்தக் கட்டம் தொடர்ந்து காலியாக இருக்கிறது என்பது தானே தெரியும். இப்பக்கத்து வீடுகளில் காலியாக இருக்க வாய்ப்புள்ளவை கீரையும், அரசாணி, பப்பாளி உள்ள வைட்டமின் ஏ குழுவும், பழமும் என்பது என் அனுமானம். சைவம் உண்ணும் வீடாக இருந்தால் பால் குழு ஒரு நாளும் விடுபடக் கூடாது, பி12க்கு வேறு வழி குறைவு.

அளவுக்கு வழிகாட்டியாக, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படுபவருக்குத் தானியம் 250 கிராம், கீரையும் காயும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்போ முட்டையோ இறைச்சியோ 85 கிராம், கொட்டையும் விதையும் 35 கிராம், பாலோ தயிரோ 300 மில்லிலிட்டர், எண்ணெய் 27 கிராம் என்கிறது அது. தானியத்தைவிடக் காயின் எடை அதிகம் என்பதைக் கவனியுங்கள். தானியம் சமைக்காத எடையில் சொல்லப்படுகிறது என்பதால் சோறாகப் பார்க்கும்போது அவ்வளவு பயமுறுத்தாது. இருந்தாலும் நம்மில் பலர் காயை இரண்டு மடங்காவது ஆக்க வேண்டியிருக்கும். செலவும் அதிகம் கூடாது. உழவர் சந்தையில் அந்தந்தப் பருவத்தில் மலிவாக இருக்கும் காயை வாங்குவதே போதும், ப்ரோக்கோலிக்கும் கினோவாவுக்கும் தனி மதிப்பெண் எந்த அளவுகோலிலும் இல்லை. உண்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்பை உடல் ஏற்பதை டீ தடுக்கும், எலுமிச்சையும் நெல்லிக்காயும் கூட்டும். எந்தப் பன்மை மதிப்பெண்ணும் இதைக் காட்டாது.

கடைசியாகக் குழந்தை. அதற்கு வேறு கணக்கு. 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்ததில் எட்டுக் குழுக்கள்தான், அவற்றில் தாய்ப்பாலே முதல் குழு. தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டைகளும், பால் பொருள்கள், இறைச்சி மீன், முட்டை, வைட்டமின் ஏ மிகுந்த காய் பழம், மற்றக் காய் பழம் ஆகியவை மற்ற ஏழு. எட்டில் ஐந்து வேண்டும். பெரியவர்களுக்கான 15 கிராம் விதி இங்கே இல்லை, ஒரு கரண்டி ஊட்டினாலும் கணக்கில் சேரும், சின்ன வயிறு என்பதால். பன்மையோடு எத்தனை வேளை என்பதும் தனியாகப் பார்க்கப்படும்: 14 மாதத்தில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் திட உணவு நாளைக்கு மூன்று வேளையாவது, தாய்ப்பால் நின்றிருந்தால் பாலையும் சேர்த்து நான்கு வேளையாவது. 2021இல் இதோடு முட்டையோ இறைச்சியோ உண்டதா, காயும் பழமும் அறவே இல்லாத நாளா, இனிப்புப் பானம் கொடுக்கப்பட்டதா என்ற கேள்விகளையும் தனி அளவுகளாகச் சேர்த்தார்கள். ஆகவே நன்றாகக் குழைத்த பருப்புச் சோறு, மசித்த அரசாணிக்காய், ஒரு முட்டை, தாய்ப்பால் என்று ஒரு நாள் அமைந்தாலே ஐந்து வந்துவிடும். பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டுவதை ஒரு வேளையாக எண்ண வேண்டாம். கடலைக்காயை இந்த வயதில் முழுதாகக் கையில் கொடுத்தால் மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். வறுத்து மாவாக்கி ராகிக் கஞ்சியில் கலந்து கொடுங்கள், குழந்தைகளின் கணக்கில் பருப்பும் கடலையும் ஒரே குழு என்பதால் பருப்புச் சோறு இறங்காத நாளில் அந்தக் கட்டம் அதனாலேயே நிரம்பும்.